கன்னியம்மாளின் கான்ஸ்பிரசி

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியின் தறித்தெருவுக்குள் சேர்மன் கார் நுழைந்தபோது எத்திராஜ் தன் தறி ஷெட் வாசலில் கை கட்டி நின்றிருந்தான். அப்படி நிற்கச் சொன்னது விசைத்தறி முன்னேற்ற வாரியத்தின் இன்ஸ்பெக்டர் நாகபூஷணம். "சந்தோஷமா நில்லு, ஆனா சிரிக்காதே" என்றும் சொல்லியிருந்தார். அது எப்படி என்று எத்திராஜுக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்காரி கமலம்மாவைக் கேட்டான். "அரக்கோணம் ஸ்டேஷன்ல டிக்கெட் இல்லாம நிக்கிறப்ப நிப்பியே, அப்படி நில்லு" என்றாள்.

வாரியத்தின் புதுத் திட்டத்துக்கு 'நிரந்தர நாதம்' என்று பெயர். எந்தத் தெருவில் தறிச்சத்தம் பகலில் நிற்காமல் கேட்கிறதோ அந்தத் தெருவுக்கு ஒரு கேடயம். கேடயம் தவிர வேறு ஒன்றும் கிடையாது. தொடக்க விழாவுக்கு எத்திராஜ் ஷெட்டைப் பிடித்ததற்குக் காரணம், அவன் வாசலில் வேப்பமர நிழல் இருந்ததுதான். இந்த விஷயத்தில் அவன் செய்த தப்பு என்று பார்த்தால் அந்த நிழல் ஒன்றுதான்.

வாரியத்தின் சேர்மன் மைக்கைப் பிடித்தார். "நேனு மாட்லாட வரலை. பேசறது என் வேலை இல்லை. உழைக்கிற மக்கள்தான் பேசணும், மனம் வினாலி, நாம கேக்கணும்" என்று ஆரம்பித்து, நாற்காலிகளின் மேலிருந்த நிழல் நகர்ந்து சாக்கடைக்குப் போகும்வரை பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நான் நிறுத்திட்டேன். இனி வளர்ச்சி பேசும். கேளுங்க!" என்று மைக்கை எத்திராஜின் தறிக்குள் நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

எத்திராஜின் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. அவனைத் தொடர்ந்து எதிர்வீட்டுத் தறி, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது என்று தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக அடங்கிப் போயின. வளர்ச்சி பேசுவதற்காக நீட்டிய மைக்கில் ஒரு காக்கா கத்தியது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாரியத்து ஆட்கள் இரண்டு பேர் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதன்பிறகுதான் பக்கத்து வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு உயிர் போனால், பிணத்தை எடுக்கும்வரை யார் வீட்டிலும் தறி ஓடாது. யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. சொன்னாலும் அந்த இரைச்சலில் காதில் விழாது. பக்கத்துத் தறி வேளைகெட்ட வேளையில் நின்றால் அதுதான் சேதி. கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒரே மூச்சில் நிற்கும். சாவு என்றால் வீடு வீடாக நடந்து வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பிறந்த குழந்தைக்கே தெரியும். நின்றதற்கு அப்புறம்தான் "யாரு?" என்று வாசலுக்கு வருவார்கள்.

செத்தவள் கன்னியம்மாள். தெருவில் பாதி வீட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். தறி நாடாவுக்குள் போகிற சின்னக் கட்டையில் நூல் சுற்றுகிற வேலை. கை ஒரு பக்கம் சுற்றும், வாய் ஒரு பக்கம் சுற்றும். அவளிடம் ஒரு சங்கதியைச் சொன்னால், சொன்னவன் வீட்டுக்குப் போவதற்குள் அது பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போயிருக்கும். காலையில் காபி குடித்தாள், மருமகளைத் திட்டினாள், தார் சுற்றினாள், சேர்மன் பேச்சைக் கேட்டு "இவனுக்குத் தொண்டை வறளாதா?" என்றாள், சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான். மகன் தணிகைவேல் தறியை நிறுத்திவிட்டு அம்மாவைத் தொட்டுப் பார்த்தான்.

சேர்மன் ஒன்றும் பேசாமல் காரில் ஏறிவிட்டார். அவர் பேசாமல் போனதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று நாகபூஷணமே சொன்னார்.

மறுநாள் நாகபூஷணம் சீல் வைக்க வந்தார். கையில் அரக்கும் முத்திரையும் மட்டும் இருந்தன. துணியும் சணலும் ஆபீஸில் தீர்ந்துவிட்டதாம். எத்திராஜ் நெய்த துண்டிலேயே ஒரு முழம் கிழித்து மெயின் சுவிட்சைச் சுற்றினார். சணல் எத்திராஜ் கொடுத்தான். தீப்பெட்டி கமலம்மாவின் அடுப்படியிலிருந்து வந்தது.

"சார், தெருவே நின்னுச்சே. என்னுது மட்டும் எதுக்கு சார்?"

"மைக் உன் தறிகிட்டதானே இருந்தது? வேற தறி நின்னது சேர்மன் சாருக்குக் கேக்கலை. உன்னுது நின்னது கேட்டது" என்றார் நாகபூஷணம், அரக்கை ஊதிக்கொண்டே. "விசாரணை முடிஞ்சா எடுத்துடலாம். ரெண்டு நாள் கதை."

அந்தத் தறியில் பாதி நெய்த பாவு, நீளவாக்கில் பூட்டிய நூல், அப்படியே கிடந்தது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குப் போக வேண்டிய துண்டு. பாவு கொடுத்தது பிரவீன். நூல் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்கிற வியாபாரி. சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசுவான். வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே சொன்னான்.

"அண்ணா, கிருத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள தறி ஓடலன்னா பாவை அறுத்துக்கினு போய் வேற தறியில பூட்டிடுவேன். கோச்சுக்காத."

பாவை அறுத்து எடுத்துக்கொண்டு போன தறிக்கு மறுபடி யாரும் பாவு கொடுக்க மாட்டார்கள். பாவு இல்லாத தறி வெறும் இரும்பு. அது எத்திராஜுக்கும் தெரியும், கமலம்மாவுக்கும் தெரியும்.

எத்திராஜ் சித்தூர் ஆபீஸுக்குப் போனான். அங்கே ஒரு குமாஸ்தா ஃபைலைத் திறந்து, மூக்கைச் சுளித்து, மூடினார்.

"இது தெலுங்குல எழுதியிருக்கு. 'குட்ர'ன்னு."

"குட்ரன்னா சதிதானே சார்?"

"சதி, குட்ர எல்லாம் மண்டலத்தோட சரி. மேலே திருப்பதிக்குப் போகணும்னா இங்கிலீஷ் வேர்டு வேணும். வேர்டு இல்லாத ஃபைல் அனாதைப் பொணம் மாதிரி. எவனும் தொடமாட்டான். வேர்டு முடிவானாத்தான் எந்த செக்ஷன்னு தெரியும். செக்ஷன் தெரிஞ்சாத்தான் யாரு கையெழுத்துன்னு தெரியும். கையெழுத்து விழுந்தாத்தான் சீல் எடுக்கலாம்."

"அப்ப சீல் வெச்சாங்களே, அது இன்னா வேர்டு சார்?"

குமாஸ்தா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "சீல் வெக்கறதுக்கு வேர்டு தேவையில்லப்பா."

திருப்பதியில் வாரியத்தின் தலைமை ஆபீஸ். அங்கே இதற்கென்றே 'சொல் நிர்ணயக் குழு' ஒன்று இருந்தது. போன வருஷம் ஒரு ஃபைலில் தப்பான இங்கிலீஷ் வார்த்தை போட்டு, மேலிடத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம். அதிலிருந்து எந்தக் குற்றமானாலும் முதலில் வார்த்தை, அப்புறம்தான் விசாரணை. குழுவின் நிபுணர் சாரங்கபாணி, ரிட்டயரான இங்கிலீஷ் லெக்சரர். நெற்றியில் பளிச்சென்று திருமண். மேஜையில் தலையணை கனத்துக்கு அகராதி. அதன்மேல் கையை வைத்தபடிதான் பேசுவார். பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி.

மொத்தம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேர்மன் நடுவில். நாகபூஷணம் ஓரத்தில். எத்திராஜ் நின்றுகொண்டிருந்தான்.

"இதோ பாரும் எத்திராஜ்" என்றார் சாரங்கபாணி. "பயப்படாதேயும். நீர் சதி பண்ணினீர், அதுல சந்தேகமே இல்லை. எந்தச் சதிங்கறதுதான் கேள்வி. இங்கிலீஷ் எப்பேர்ப்பட்ட பாஷை தெரியுமோ? நம்மகிட்ட சதின்னு ஒரு வார்த்தை, சூழ்ச்சின்னு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுடுத்து. வெள்ளைக்காரன் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியா வெச்சிருக்கான். புடவைக் கடை மாதிரி."

"சார், ஒரு சாவு விழுந்துச்சு. அதான் தறிய நிறுத்தனோம். அது எங்க தெரு வழக்கம்..."

"வழக்கத்துக்கு அப்பறம் வரலாம். முதல்ல வார்த்தை" என்று சேர்மன் தடுத்தார். "ஸ்கீம்னு போட்டா என்ன சாரங்கபாணி காரு? சுலபமா இருக்கே."

"போடலாம். சதித்திட்டம்னு அர்த்தம் உண்டு. ஆனா நம்ம வாரியத்துல ஏற்கெனவே பதினோரு ஸ்கீம் நடக்கறது."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாகபூஷணம் மட்டும் "வத்து சார், வேணாம், ஆடிட்ல மாட்டிக்குவோம்" என்றார்.

"சரி, இன்ட்ரீக்" என்றார் இன்னொரு உறுப்பினர்.

சாரங்கபாணி எத்திராஜை மேலும் கீழும் பார்த்தார். "எது வரைக்கும் படிச்சிருக்கீர்?"

"எட்டாவது சார்."

"இன்ட்ரீக்குக்கு அது பத்தாது. அரண்மனை, மந்திரி, ராஜதந்திரம்னு அதுக்கு ஒரு அந்தஸ்து இருக்கு. ஒரு டிகிரியாவது வேணும். இவருக்கு அதைக் கொடுத்தா வார்த்தைக்கு அவமானம்."

"கொல்யூஷன்?"

"அது நல்ல வார்த்தை. எதிராளியோட உள்ளுக்குள்ள கூட்டு சேர்றது. ஆனா அதுக்கு ஆபீஸ்குள்ள ஒருத்தர் வேணும். இவருக்கு இடம் காட்டி, நேரம் சொல்லி, நிழல் பார்த்து நாற்காலி போட்ட மாதிரி ஒருத்தர்."

அறையில் எல்லோரும் நாகபூஷணத்தைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியாக இருந்ததைக் கவனிக்காமலே குடித்தார். "கொல்யூஷன் வேணாம் சார். ரொம்ப சின்ன வார்த்தை" என்றார்.

"கனைவன்ஸ் இருக்கு. தப்பு நடக்கறதைப் பார்த்துண்டே கண்ணை மூடிண்டு இருக்கறது. அன்னைக்கு மேடையில பார்த்துண்டு இருந்தது..."

"அது வேண்டாம்" என்றார் சேர்மன்.

"கபால்னு ஒண்ணு. நாலஞ்சு பெரிய மனுஷா ஒரு அறைக்குள்ள கதவைச் சாத்திண்டு, வெளியில இருக்கற ஒருத்தனோட தலையெழுத்தைத் தங்களுக்குள்ளயே ரகசியமா..." சாரங்கபாணி அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

நாற்காலிகளில் ஐந்து பேர் இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"வேற பக்கம் திருப்புங்க" என்றார் சேர்மன்.

கடைசியில் கான்ஸ்பிரசி என்று முடிவாயிற்று. கனமான வார்த்தை, டெல்லி வரைக்கும் செல்லுபடியாகும், பேப்பரில் போட்டால் நன்றாக இருக்கும் என்று சேர்மனுக்குத் திருப்தி. அதற்கு மேல்தான் விசாரணை ஆரம்பித்தது.

"ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசினீங்களா?"

"இல்ல சார்."

"வாட்ஸப்?"

"இல்ல சார்."

"கை காட்டினது, கண்ணடிச்சது, விசில்?"

"ஒண்ணுமே இல்ல சார். பக்கத்துல நின்னா நாங்க நிறுத்துவோம். யாரும் சொல்ல மாட்டாங்க."

சேர்மன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு மரியாதையே வந்துவிட்டது. "சூசாரா, பாத்தீங்களா? ஒரு சாட்சி இல்லை. ஒரு தடயம் இல்லை. ஒரு தெருவே சேர்ந்து செஞ்சிருக்கு, ஒரு வார்த்தை பேசலை. நான் இருபது வருஷமா பாலிடிக்ஸ்ல இருக்கேன். எங்க கட்சியில ரெண்டு பேர் ரகசியம் பேசினா மூணாவது ஆளா எனக்குத் தெரிஞ்சிடும். இவங்க எவ்வளவு ஆழம் பாருங்க!"

இல்லை என்று சொல்லச் சொல்ல அவன் பெரிய ஆளாகிக்கொண்டே போனான். பேசாமல் இருந்து பார்த்தான். அது இன்னும் மோசமாயிற்று.

"வழக்கம்னு சொல்றானே, நிரூபிக்கட்டும்" என்றார் சேர்மன். "நாகபூஷணம், ஒத்திகை வெச்சிடு."

ஒத்திகைக்குத் தறித்தெருவில் வாரியமே வந்து உட்கார்ந்தது. பெஞ்சை இந்தத் தடவை தணிகைவேல் வாசலில் போட்டார்கள். எத்திராஜின் தறி சீலில் இருந்ததால் அவனும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. நாகபூஷணம் மைக்கில் சொன்னார்: "எல்லாரும் தறி ஓட்டுங்க. நாங்க எந்த சிக்னலும் குடுக்க மாட்டோம். அன்னைக்கு மாதிரியே, யாரும் சொல்லாம, தானா நிறுத்துங்க. ஸ்டார்ட்!"

தறிகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. வெயில் ஏறியது. நாகபூஷணம் கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். நிழல் தேடிச் சாரங்கபாணி பெஞ்சோடு நகர்ந்தார்.

"ஏம்மா, ஏன் நிக்கலை?" என்று கமலம்மாவிடம் கத்திக் கேட்டார் நாகபூஷணம்.

"யாராச்சும் செத்தா நிக்கும் சார்."

நாகபூஷணம் தெருவை மேலும் கீழும் பார்த்தார். நிஜமாகவே நொந்துபோய்ச் சொன்னார்: "இவ்வளவு பெரிய ஆபீஸே வந்திருக்கு. ஒருத்தராவது கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா?"

"மொதல்ல நீங்க வழிகாட்டுங்க சார், நாங்க பின்னாலயே வரோம்" என்றாள் கமலம்மா. நல்லவேளை, தறிச்சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை.

அன்றைக்குத் தறி நிற்கவே இல்லை. வாரியம் முடிவெழுதியது: சிக்னல் இல்லாமல் இந்தத் தெருவில் தறி நிற்பதில்லை என்று நேரில் நிரூபணமானது, ஆகவே முன்பு நின்றபோது சிக்னல் இருந்திருக்கிறது.

எத்திராஜ் மறுபடி திருப்பதிக்குப் போனான். பஸ்ஸில் புத்தூர் தாண்டும்போது பிரவீன் போன் செய்தான். "அண்ணா, வர்ற வெள்ளிக்கிழமைண்ணா. ஞாபகப்படுத்தலாம்னு." பக்கத்து சீட்டில் மொட்டையடிக்கப் போகிற ஒரு குடும்பம் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தது. எத்திராஜும் ஒரு கோவிந்தா போட்டான். அவனுடையது வேறு ரகம்.

குழுவில் இந்த முறை புதுச் சிக்கல்.

"கான்ஸ்பிரசிக்கு ஒருத்தர் பத்தாது" என்றார் சாரங்கபாணி. "அதோட இலக்கணமே அதுதான். குறைஞ்சது ரெண்டு பேர். நீர் தனியா எவ்வளவுதான் கெட்டவரா இருந்தாலும் உம்மால கான்ஸ்பிரசி பண்ண முடியாது. சேந்தவா பேர் ஒண்ணு சொல்லும். ஃபைல் முடிஞ்சுடும். முதல் ஆள் மேல நடவடிக்கை, ரெண்டாவது ஆள் ஒத்துழைச்சார்னு எழுதிச் சீலை எடுத்துடலாம்."

"நான் சொல்லலன்னா சார்?"

"ஃபைல் காத்துண்டு இருக்கும். ஃபைலுக்கு அவசரம் இல்லை பாரும்."

"பக்கத்து வீட்டுக்காரன் பேர் தணிகைவேல்தானே?" என்றார் சேர்மன். "முதல்ல நின்னது அவன் தறி. அவனைச் சொல்லு, போச்சு."

"அவன் ஷெட்டுக்கும் அரக்கு வெப்பீங்க சார். ஆத்தாள பறிகொடுத்தவன் சார் அவன். ரெண்டு புள்ளைங்க இருக்குது."

"அப்ப எதிர்வீடு?"

"அவனுக்கும் பாவு கெடக்குது சார்."

குழு அலுத்துப்போய்ப் பெருமூச்சு விட்டது. யார் பெயரையும் கொடுக்காத மனிதனை எப்படி ஒத்துழைத்தவன் என்று எழுதுவது? அப்போதுதான் சாரங்கபாணி அகராதியை மூடி, கண்ணாடியைக் கழற்றி, பெற்ற தகப்பன் மாதிரி கேட்டார்.

"இதோ பாரும். தணிகைவேல் தறியை ஏன் நிறுத்தினான்?"

"அவங்க ஆத்தா செத்துச்சு சார்."

"அப்ப ஆரம்பிச்சு வெச்சது யாரு?"

சாரங்கபாணி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"காலையில காபி குடிச்சிருக்கா. வேலை பார்த்திருக்கா. சேர்மன் பேச்சைப் பத்தி விமர்சனமும் பண்ணியிருக்கா, அதுக்குச் சாட்சி இருக்கு. அத்தனை நேரம் உயிரோட இருந்துட்டு, சேர்மன் மைக்கை நீட்டற நேரம் பார்த்துப் போயிருக்கா. இதுக்கு இங்கிலீஷ்ல டைமிங்னு பேர்."

"சார், அந்த அம்மா வாயில ஒரு ரகசியம் நிக்காது சார். ஊருக்கே தெரியும்."

"அதான் பெரிய வேஷம்" என்றார் சேர்மன்.

சாரங்கபாணி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "யோசியும். அவளை இனிமே யாரு என்ன பண்ண முடியும்? சீல் வெக்க அவளுக்குத் தறியும் கிடையாது. உயிரோட இருக்கற யாருக்கும் ஒரு கீறல் விழாது. உம்ம தறி ஓடும். பாவம் புண்ணியம் பார்த்தா, இதுதான் எல்லாருக்கும் நல்லது."

எத்திராஜ் யோசித்துத்தான் பார்த்தான். தணிகைவேல் தப்பித்தான். எதிர்வீடு தப்பித்தது. செத்தவளுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. கன்னியம்மாள் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் வாரியத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டு, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. கன்னியம்மாள் பெயர் எது, தன் பெயர் எது என்பது மட்டும் தெரிந்தது. சாரங்கபாணி பிரசாத லட்டு ஒன்று கொடுத்தார். அவர் மனசு நிஜமாகவே நிறைந்திருந்தது.

வீட்டில் கமலம்மாவிடம் சொன்னான். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"செத்தவ மேலயா போட்ட?"

"உசுரோட இருக்கறவங்க மேல போடச் சொல்றியா?"

"துன்னு" என்று தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். லட்டு பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது.

ஒன்றும் ஆகாது என்று சொன்னார்களே தவிர, வாரியத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. முதல் சதிகாரருக்கு நேரில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். நோட்டீஸோடு ஒரு ப்யூன் தறித்தெருவுக்கு வந்தது கன்னியம்மாளின் கருமாதி அன்று. வாசலில் பந்தல், உள்ளே சொந்தக்காரர்கள், மாலை போட்ட படம், படையலுக்கு வடை.

"கன்னியம்மாள் எவுரு?" என்று அவன் கேட்டான்.

யாரோ படத்தைக் காட்டினார்கள். அவன் படத்தைப் பார்த்தான், நோட்டீஸைப் பார்த்தான். வாங்க மறுத்தால் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட வேண்டும் என்பது விதி. படம் வாங்கவில்லை. மாலைக்குக் கீழே, குங்குமம் படாமல், பதவிசாக ஒட்டிவிட்டு, ஒரு வடையும் தின்றுவிட்டுப் போனான்.

தணிகைவேலின் மச்சான் ஒருத்தன் ரேணிகுண்டாவில் கம்பெனி வேலைக்காரன். அவன் படித்துச் சொன்னான். முதல் சதிகாரர் கன்னியம்மாள். அரசு விழாவைக் குலைக்க ரகசியமாகத் திட்டமிட்டு உயிரை விட்டவர். இதை ஒப்புக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எத்திராஜ். பந்தலில் இருந்த எத்திராஜும் அதைக் கேட்டான்.

யாரும் திட்டவில்லை. தணிகைவேல் எழுந்து வந்து இலையைப் போட்டு, "உக்காருண்ணா, பரிமாறட்டும்" என்றான். முன்பு போலவேதான் சொன்னான். ஆனால் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். எத்திராஜ் சாப்பிட்டான். அந்த வீட்டில் எப்போதும் கேட்கிற சத்தம், "ஏண்டா எத்திராஜி, அரைவயித்துக்கா துன்ற?" என்பது கேட்கவில்லை. அவள் இல்லாதது அப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை நாகபூஷணம் சீல் எடுக்க வந்தார். உற்சாகமாக இருந்தார். "பாத்தியா, சொன்ன மாதிரியே ரெண்டு நாள்ல முடிச்சுட்டோம்" என்றார். ஆடி பிறந்து பாதி போயிருந்தது. அரக்கைத் தட்டி உடைத்து, சணலை அவிழ்த்து, துணியைச் சுருட்டிக் கீழே போட்டார். தெருவில் அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவர் சொன்ன "கங்கிராட்ஸ்" உதட்டில்தான் தெரிந்தது.

எத்திராஜ் பாவில் படிந்திருந்த தூசியை ஊதினான். அறுந்திருந்த இரண்டு மூன்று இழையை முடிந்தான். ராத்திரியும் பகலுமாக ஓட்டினால் நாளைக்குள் ஒரு பங்கு நெய்து பிரவீனிடம் காட்டிவிடலாம், மிச்சத்துக்குத் தவணை கேட்கலாம். கமலம்மா கதவோரம் நின்றாள். அவன் சுவிட்சைப் போட்டான். தறி ஒரு முறை உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நாடா போகவும் வரவுமாக இருந்தது. ஒரு விரற்கடை துணி ஏறியது.

பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

தணிகைவேல் வீட்டுத் தறிதான். எத்திராஜ் காதைத் தீட்டிக்கொண்டான். நூல் அறுந்திருக்கும், இப்போது ஓடும் என்று காத்திருந்தான். எதிர்வீடு நின்றது. அதற்கடுத்த வீடு நின்றது. கரண்ட் போகவில்லை, கரண்ட் போனால் இப்படி நிற்காது. ஒவ்வொன்றாக, நிதானமாக, தெருக்கோடி வரைக்கும் நடந்து போனது. கடைசியில் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது அவன் தறி ஒன்றுதான். அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒற்றைத் தறிச் சத்தத்தைக் கேட்டதில்லை. அவன் கை அவனைக் கேட்காமலே சுவிட்சுக்குப் போயிற்று.

தெரு அமைதியாயிற்று. ஒரு காக்கா கத்தியது.

வழக்கம்போல வாசலுக்கு வந்து "யாரு?" என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை.

நாகபூஷணம் வெளியே ஓடினார், உள்ளே ஓடிவந்தார். "ஏமைந்தி? எவுரு செப்பினாரு? யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"எவனாவது செத்துட்டானா?"

எத்திராஜ் ஓடாத தறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமா சார்" என்றான்.

"எவுரு?"

எத்திராஜ் கையெழுத்துப் போட்ட தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

நாகபூஷணம் திருப்பதிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "சார், மறுபடியும் நின்னுடுச்சு சார். என் கண்ணு முன்னால. இந்தத் தடவை என்ன வேர்டு சார் போடறது?"

"கொஞ்சம் இரும்" என்றது சாரங்கபாணியின் குரல். அகராதியின் பக்கங்கள் புரள்கிற சத்தம் அந்த அமைதியில் தெரு முழுக்கக் கேட்டது.

வார்த்தை வரும்வரை நாகபூஷணம் காத்திருக்கவில்லை. சீல் வைக்க வார்த்தை தேவையில்லை. பையிலிருந்து அரக்கை எடுத்தார். கீழே கிடந்த துணியைக் குனிந்து பொறுக்கி, எத்திராஜே அவரிடம் நீட்டினான்.

கமலம்மா உள்ளே போய்த் தீப்பெட்டியோடு வந்து நின்றாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.